மேடைக்குப் பின்னாலும் ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, தெரியுமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "நான் நாடகம் படிக்கப் போறேன்" என்று சொன்னால், வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும்: "நடிக்கப் போறியா?" ஆனால் நாடகக் கல்லூரியில் நான்கு வருடம் படித்து, ஒரு வசனம்கூடப் பேசாமல், ஒரு தடவைகூட அரிதாரம் பூசாமல் பட்டம் வாங்கலாம், தெரியுமா? விளக்கு, ஒலி, செட், உடை, கயிறு, கப்பி, திரை என்று எல்லாவற்றையும் பாடமாக வைத்து, மார்க் போட்டு, பி.எஃப்.ஏ. என்ற நுண்கலை இளங்கலைப் பட்டம் கொடுக்கிற கல்லூரிகள் அமெரிக்காவில் ஏராளம். நடிப்புக்குப் பேர்போன லண்டன் ராடா நாடகப் பள்ளியிலேயே மேடைத் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் படிப்பு இருக்கிறது!

இது நேற்று முளைத்த படிப்பும் இல்லை. எஃகு ஆலைகள் நிறைந்த பிட்ஸ்பர்க் நகரத்தில், ஆண்ட்ரூ கார்னெகி நிறுவிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1914-இல் நாடகத் துறை தொடங்கியது. அமெரிக்காவில் நாடகத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் துறை அதுதான். தொழில்நுட்பக் கல்லூரிக்குள் நாடகம்! இன்றைக்கு அதன் பெயர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே 1960-இல் படிப்பை முடித்த ஜூல்ஸ் ஃபிஷர், மேடை விளக்கமைப்புக்காக மட்டும், அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை 9 முறை வாங்கியவர். ஒன்பது!

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியில் இப்போது கல்விக் கட்டணமே கிடையாது. 2021-இல் டேவிட் கெஃபன் என்ற இசை, திரைப்படத் தொழிலதிபர் 15 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். அந்த ஆண்டிலிருந்து அங்கே சேரும் அத்தனை பேருக்கும் கட்டணம் பூஜ்யம். நடிகர்களுக்கு மட்டுமா? இல்லை. செட் வடிவமைப்பு, விளக்கு, ஒலி, ஸ்டேஜ் மேனேஜ்மென்ட், தொழில்நுட்பத் தயாரிப்பு என எல்லோருக்கும்! தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஆகும் செலவு தனி. முதுகலை நிலைப் படிப்பு என்பதால், பொதுவாக முதலில் ஓர் இளங்கலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். அதோடு இடங்கள் மிகக் குறைவு. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது என்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே யேலில்தான் மேடை விளக்கு என்பது ஒரு பாடமாகவே உருவெடுத்தது. உருவாக்கியவர் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ். அவர் படித்தது நாடகமா? கட்டடக்கலை! 1932-இல் அவர் எழுதிய சிறு புத்தகம் ஒரு சூத்திரத்தைச் சொன்னது. மேடையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு விளக்கு. இரண்டும் முன்பக்கத்திலிருந்து, இடமும் வலமுமாக, 45 டிகிரி கோணத்தில் இறங்கட்டும். ஒன்றில் வெம்மையான நிறம், மற்றதில் குளிர்ச்சியான நிறம். அவ்வளவுதான், நடிகரின் முகம் தட்டையாகத் தெரியாமல் மூக்கும் கன்னமும் எழும்பி நிற்கும். நூறு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் முதலாண்டு மாணவர் முதலில் கற்பது இதைத்தான்.

இதைப் படித்ததும் எனக்குச் சிலப்பதிகாரம்தான் நினைவுக்கு வந்தது. அரங்கேற்று காதையை நடனத்துக்காகப் படிக்கிறோம், மாதவிக்காகப் படிக்கிறோம். அதற்குள் ஒரு முழு மேடை வரைபடமே இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அளவுகோல் 24 விரல். மேடை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தளத்துக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். திரைகள் மூன்று வகை: ஒருபுறமிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. எல்லாவற்றையும் விட என்னை அசர வைப்பது விளக்கு வைக்கும் விதம். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டுமாம்! மெக்காண்ட்லெஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே இளங்கோவடிகள் நிழலைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இந்தப் பகுதியை ஒரு தாளில் அளவோடு வரைந்து பார்க்கட்டும். அந்தத் தாளே கல்லூரி நேர்காணலுக்கு எடுத்துப்போகத் தகுதியான ஒன்று.

ஆமாம், இந்தப் படிப்புக்கு நடிப்புத் தேர்வு கிடையாது, நேர்காணல்தான். அதற்கு எப்படித் தயாராவது? பள்ளிப் பாடத்தில் எது உதவும்? கணக்கு உதவுமா என்று கேட்டால், கணக்கு இல்லாமல் செட் நேராகவே நிற்காது! வீடு கட்டும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3, 4, 5 அடி அளந்து கயிறு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் தச்சர்கள் செட்டை மேடையில் சதுரமாக நிறுத்துவதும் அதே 3-4-5 கணக்கில்தான்.

இயற்பியல் உதவுமா? இதோ ஒரு கணக்கு. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். ஓர் இணைப்பு 20 ஆம்பியர் தாங்கும் என்றால், பெருக்கினால் 2400 வாட். 1992-இல் ஈ.டி.சி. என்ற நிறுவனம் கொண்டுவந்த சோர்ஸ் ஃபோர் விளக்கின் பல்பு 575 வாட். அதென்ன 575, அரைகுறை எண்? நான்கு விளக்கைச் சேர்த்தால் 2300. ஒரே இணைப்பில் நான்கும் எரியும், ஃபியூஸ் போகாது! பழைய 1000 வாட் விளக்கு என்றால் இரண்டுதான் எரியும். பத்தாம் வகுப்பில் படித்த வோல்ட், ஆம்பியர், வாட் சூத்திரம் உலகத்து மேடைகளின் முகத்தையே மாற்றியது.

அந்த ஈ.டி.சி. நிறுவனம் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1975-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரத்தில், விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சேர்ந்து, கணினியால் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் ஒரு பலகையைத் தாங்களே செய்தார்கள். ஃபிரெட் ஃபாஸ்டர் என்ற நாடக மாணவர் மேடை விளக்கில் பைத்தியமாக இருந்தார். அவர் அண்ணன் பில் இயற்பியலில் புலி. தம்பிக்கு வேண்டியதை அண்ணன் சர்க்யூட்டாக மாற்றினார். இன்றைக்கு உலகின் பெரிய மேடை விளக்கு நிறுவனங்களில் அது ஒன்று. அண்ணன் என்ன ஆனார்? ஃபெர்மிலேப் ஆய்வகத்தில் துகள் இயற்பியலாளராக வேலை பார்த்து, பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரே ஆகிவிட்டார்!

அதே 1975-இல் பிராட்வேயில் இன்னொரு புரட்சி. 'ஏ கோரஸ் லைன்' என்ற இசை நாடகத்துக்கு விளக்கமைத்த தாரன் மஸ்ஸர் என்ற பெண்மணி, பிராட்வேயில் முதல்முறையாகக் கணினி நினைவகம் கொண்ட விளக்குப் பலகையைக் கொண்டுவந்தார். அதுவரை கனமான கைப்பிடிகளைப் பலர் கூடி நின்று கையாலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். மஸ்ஸருக்கு அடுத்த ஆண்டு டோனி விருது. விளக்கமைப்புக்கு டோனி கொடுக்க ஆரம்பித்ததே 1970-இல்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இளைய துறை!

பதினோரு வருடம் கழித்து, 1986-இல், அமெரிக்க மேடைத் தொழில்நுட்பச் சங்கம் டி.எம்.எக்ஸ். 512 என்று ஒரு பொது மொழியை வகுத்தது. எந்த நிறுவனத்தின் பலகையும் எந்த நிறுவனத்தின் விளக்கோடும் பேசலாம். ஒரு கேபிளில் 512 தடங்கள். உங்கள் ஊர்த் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் நிறம் மாறி மாறி எரிகிற எல்.இ.டி. விளக்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். டி.எம்.எக்ஸ். என்று எழுதியிருக்கும்! நியூயார்க்கில் எரிவதும் நம் ஊரில் எரிவதும் ஒரே மொழியில்தான். அந்த சவுண்ட் சர்வீஸ், லைட் சர்வீஸ் அண்ணன்களோடு ஒரு விடுமுறை முழுக்க நின்று கேபிள் இழுத்த பிள்ளை, கல்லூரிக்கு வெறுங்கையோடு போவதில்லை.

கணினி வந்துவிட்டதே, இனி கயிறு எதற்கு என்கிறீர்களா? அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் நாடகப் போட்டிகளில் 'டெக் சேலஞ்ச்' என்று ஒன்று நடக்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு முடிச்சுப் போட வேண்டும், விளக்கை மாட்டிக் குறி பார்த்துத் திருப்ப வேண்டும், நீளமான திரையைச் சுருக்கமில்லாமல் மடிக்க வேண்டும், நடிகருக்கு நொடிகளில் உடை மாற்றிவிட வேண்டும்! முடிச்சுப் போடுவதற்குப் பதக்கமா என்று கேட்காதீர்கள். தலைக்கு மேலே பல கிலோ எடையுள்ள பொருள் தொங்கும்போது, அந்த முடிச்சின் அருமை கீழே நிற்பவருக்குத் தெரியும்.

கயிற்றின் மகிமையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்வீடன் போக வேண்டும். அங்கே ட்ராட்னிங்ஹோம் அரண்மனை நாடக அரங்கம் 1766-இல் கட்டப்பட்டது. அன்றைய மர இயந்திரங்கள், சக்கரங்கள், கயிறுகள் இன்றும் வேலை செய்கின்றன. திரும்பும் அலைகள், இடிச்சத்தம், கண் எதிரே மாறும் காட்சிகள், எல்லாம் கைவேலை! அதற்கும் முன்னால், 1758-இல், ஜப்பானின் ஒசாகாவில் நமிகி ஷோசோ என்ற நாடகாசிரியர் கபுகி நாடகத்துக்குச் சுழல்மேடையைக் கொண்டுவந்தார். பிராட்வேயின் 'ஹாமில்டன்' இசை நாடகத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும் இரட்டைச் சுழல்மேடை அந்த வம்சம்தான்.

இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒன்று. இந்தப் படிப்பில் எல்லாவற்றுக்கும் முதலில் நிற்பது உயிர்ப் பாதுகாப்பு. 1903 டிசம்பர் 30, சிகாகோவின் இரோக்குவா தியேட்டர். திறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. விடுமுறைக் காட்சி, அரங்கு முழுக்கத் தாய்மாரும் குழந்தைகளும். ஓர் ஆர்க் விளக்கின் பொறி திரைச்சீலையில் பற்றியது. தீயைத் தடுக்க இறங்க வேண்டிய பாதுகாப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. கதவுகள் திறக்கவில்லை. 602 பேர் இறந்தார்கள். இன்றைக்கு நம் ஊர் மால்களில், தியேட்டர்களில், அவசரக் கதவின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை இருக்கிறதே, உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும், அது இந்தத் துயரத்துக்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு மேடை மாணவரும் இந்தத் தேதியை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

'பீட்டர் பான்' நாடகத்தில் குழந்தைகள் பறப்பார்கள் அல்லவா? 1904-இல் அந்த நாடகம் வந்ததும், அதைப் பார்த்த குழந்தைகள் வீட்டில் கட்டிலிலிருந்து பறக்கப் பார்த்தார்களாம்! பெற்றோர்கள் கேட்டுக்கொண்டதால், தேவதைப் பொடி மேலே தூவினால்தான் பறக்க முடியும் என்று அதன் ஆசிரியர் ஜே.எம். பேரி பிறகு எழுதிச் சேர்த்தார். மேடையில் பறக்க வைப்பவர்களுக்கோ பொடி போதாது: நடிகரைத் தாங்கும் கம்பியும் கொக்கியும் அவர் எடையைப் போல் 10 மடங்கு தாங்க வேண்டும் என்பது இத்தொழிலில் வழக்கமான கணக்கு.

இத்தனை பேரையும் இயக்குவது யார்? ஸ்டேஜ் மேனேஜர்! கையில் ஒரு தடித்த கோப்பு. அதில் நாடகத்தின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த விளக்கு, எந்த ஒலி, எந்தத் திரை என்று குறித்திருக்கும். ஹெட்செட்டில் அவர் 'கோ' என்று சொன்னால்தான் பலகையில் விரல் அழுத்தும். அதனாலேயே அந்த ஒற்றைச் சொல்லை அவர் வேறு எதற்கும் உச்சரிப்பதில்லை, தெரியுமா? இங்கிலாந்தில் 'அரை மணி' என்ற அறிவிப்பு, திரை விலகுவதற்கு 35 நிமிடம் முன்பே வந்துவிடும். காரணம், நடிகர்கள் மேடைக்கு வந்து நிற்க வேண்டிய கடைசி அழைப்பு 5 நிமிடத்துக்கு முன்னால். 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' என்ற இசை நாடகம் பிராட்வேயில் 1988-இலிருந்து 2023 வரை 13,981 காட்சிகள் நடந்தது. அதன் பிரம்மாண்டமான சரவிளக்கு ஒவ்வொரு காட்சியிலும் பார்வையாளர் தலைக்கு மேலிருந்து பாய்ந்து இறங்கியது. ஒவ்வொரு முறையும் ஒருவர் 'கோ' சொன்னார்!

சரி, கல்லூரிக்காரர்கள் என்ன கேட்பார்கள்? போர்ட்ஃபோலியோ. நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. அழகான கடைசிப் படங்களை மட்டும் அடுக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வாளர்கள் தேடுவது வேறு: முதல் கிறுக்கல், அளவு போட்ட வரைபடம், அட்டையில் செய்த மாதிரி, பாதி கட்டிய நிலையில் ஒரு படம், பிறகு மேடையில் எரியும் விளக்கில் முழு உருவம். எண்ணம் எப்படிப் பொருளானது என்ற பாதை தெரிய வேண்டும். தையல் தெரிந்தவர் தைத்த உடையின் உள்பக்கத் தையலையும் படமெடுக்கட்டும். ஒலியில் ஆர்வமுள்ளவர் ஒலிப்பதிவைக் கொண்டுபோகட்டும். ஸ்டேஜ் மேனேஜர் ஆக விரும்புபவருக்கு அந்தக் குறிப்புக் கோப்பும் ஒத்திகை அட்டவணையும்தான் போர்ட்ஃபோலியோ. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். நாடக உலகம் சின்னது, மற்றவர் உழைப்பைத் தன் பேரில் காட்டியவரை அது மறப்பதில்லை.

போர்ட்ஃபோலியோவின் வலிமைக்கு ஒரு பெரிய சாட்சி மிங் சோ லீ. ஷாங்காயில் பிறந்து, சீன நீர்வண்ண ஓவியம் கற்று, 1949-இல் அமெரிக்கா போனவர். யேலில் பல பத்தாண்டுகள் செட் வடிவமைப்பு கற்பித்தார். 1983-இல் 'கே2' நாடகத்துக்காகப் பனிமலைச் சுவர் ஒன்றை ஸ்டைரோஃபோமில் மேடையில் எழுப்பினார், டோனி விருது! அவரே, நாடெங்கும் படிப்பை முடிக்கும் வடிவமைப்பு மாணவர்களை ஆண்டுதோறும் நியூயார்க்குக்கு வரவழைத்து, அவர்கள் போர்ட்ஃபோலியோக்களை மேசைகளில் பரப்ப வைத்து, தொழிலில் இருப்பவர்களை அழைத்து வந்து காட்டினார். அந்த மேசைகளிலிருந்து தொழிலுக்குள் போனவர்கள் பலர்.

இந்தியாவில் வழி இல்லையா? ஏன் இல்லை! டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கியது. அதன் மூன்றாண்டுப் படிப்பில் மேடைத் தொழில்நுட்பமும் வடிவமைப்பும் சிறப்புப் பாடமாக இருக்கின்றன. சேர ஒரு பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும். கேரளத்தில் திருச்சூர் நாடகப் பள்ளி 1977-இலிருந்து இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். முதல் இயக்குநர் இந்திரா பார்த்தசாரதி. இந்தியாவிலும் மேடை விளக்கில் ஒரு மேதை இருந்தார்: தாபஸ் சென். 1959-இல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விளக்கால் மட்டுமே காட்டினார்! நம் ஊரில் கன்னையா நாடகக் கம்பெனியும் நவாப் ராஜமாணிக்கமும் காட்டிய காட்சி ஜாலங்கள், ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' தந்திரக் காட்சிகள் எல்லாம் பெரியவர்கள் வாயைப் பிளந்து பார்த்தவை. தெலுங்கில் 1885-இல் தொடங்கிய சுரபி நாடகக் குழுவினர் இன்றும் 'மாயாபஜார்' போட்டு அந்த வித்தைகளைக் காட்டுகிறார்கள். அந்தத் தச்சர்கள், படுதா ஓவியர்கள், விளக்குக்காரர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அவர்கள் செய்முறைகளில் பெரும்பகுதி எழுதப்படாமலே போய்விட்டது. எழுதி வைக்க, அளந்து வைக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வந்தால்தான் மிச்சம் தங்கும்.

வேலை கிடைக்குமா? நாடக அரங்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இசைக் கச்சேரிகள், சொகுசுக் கப்பல்கள், தீம் பார்க்குகள், அருங்காட்சியகங்கள், தொலைக்காட்சி அரங்குகள் எல்லாம் இந்தக் கைகளைத் தேடுகின்றன. லாஸ் வேகாஸில் சர்க் து சொலே என்ற சர்க்கஸ் நிறுவனம் நடத்தும் 'கா' நிகழ்ச்சியின் மேடைத் தளம் ஒன்று மட்டும் 50 அடிக்கு 25 அடி, சுமார் 36 டன்! அது அந்தரத்தில் சுற்றுகிறது, சாய்கிறது, செங்குத்தாக நிமிர்கிறது, மேலே ஆட்கள் சண்டை போடுகிறார்கள். அதை வடிவமைத்த மார்க் ஃபிஷரும் கட்டடக்கலை படித்தவர்தான். மேடைத் தொழிலாளர்களுக்கு அமெரிக்காவில் 1893-இலேயே தொழிற்சங்கம் அமைந்துவிட்டது. ஆனால் ஊர் கொண்டாடும் நாளில்தான் உங்களுக்கு வேலை, ராத்திரி ராத்திரியாக ஒத்திகை, ஆரம்ப வருடங்களில் வருமானம் ஏறி இறங்கும். இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரே துறையில் இப்போதே உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு பி.எஃப்.ஏ.; இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மற்ற பாடங்களும் கலந்த பி.ஏ. நல்லது என்பது என் கணிப்பு.

தொடங்கப் பணமே வேண்டாம். பிராட்வேயில் ஒலிக்குப் பயன்படும் க்யூலேப் மென்பொருளின் அடிப்படைப் பதிப்பு இலவசம், மேக் கணினி ஒன்று கிடைத்தால் போதும். ஈ.டி.சி.யின் விளக்குப் பலகை மென்பொருளை வீட்டுக் கணினியில் இறக்கி, விளக்கே இல்லாமல் பழகலாம். உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும். நாளைக்கே விழாப் பொறுப்பாசிரியரிடம் போய், "சார், எனக்கு மேடையில வேஷம் வேண்டாம், லைட்டும் திரையும் நான் பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள்.